குளவியக்காவின் ஒருவழிப் பாதை

தென்னை விவசாயிகள் சங்க ஆய்வகத்தின் பணியாளர் பட்டியலில் ஏழாவது வரியில் 'பூச்சி ஒழிப்பு உதவியாளர்' என்று போட்டிருக்கிறது. அந்த வரிக்கு உரியவர் காலை எட்டு மணிக்கு ஒரு பெட்டியின் மேல்துணியை விலக்கி, உடைத்த தானியத்துக்குள் நெளியும் புழுக்களை எட்டிப் பார்த்து, "என்ன, எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். பெட்டிக்குள் சூடு ஏறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. இப்படி அறுபத்துநான்கு பெட்டிகள். பதினெட்டு வருடப் பணிக்காலத்தில் அவர் ஒழித்த பூச்சிகளை உட்கார்ந்து எண்ணிவிடலாம். வளர்த்தவற்றை எண்ண ஆள் போதாது.

தோப்புக்காரர்கள் அவரைக் குளவியக்கா என்கிறார்கள். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. எழுபது வயதுக்காரர்களும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் மறுப்பதில்லை.

அவர் வளர்க்கும் குளவி எறும்பைவிடச் சிறியது. மனிதரைக் கொட்டாது. தென்னை ஓலையின் அடியில் நூலாம்படை கட்டிக்கொண்டு பச்சையைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப்புழுவைத் தேடிப்போய்க் கொட்டி, அசையாமல் கிடத்தி, அதன் மேலேயே முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வருபவை அந்தப் புழுவைத் தின்றே வளரும். மருந்தடிக்காமல் தோப்பைக் காக்கும் வழி இது. ஆனால் ஆய்வகத்தில் இருக்கும்வரை குளவிக்கும் ஏதாவது ஒரு புழு வேண்டுமே? அதற்காகத்தான் அரிசியிலும் மாவிலும் வருகிற அந்துப்பூச்சியின் புழுக்கள். அந்து அறையில் புழு வளரும். குளவி அறையில் அதைக் குளவிக்குக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு.

அந்தக் கதவில் குளவியக்கா ஒரு திசையில் மட்டும்தான் போவார். காலையில் அந்து அறை, பிறகு குளவி அறை. குளவி அறைக்குள் நுழைந்துவிட்டால், குளித்து உடை மாற்றும்வரை அந்து அறைப்பக்கம் திரும்பமாட்டார். முந்தானையில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு குளவி அந்தப் பக்கம் போனாலும் போதும், அத்தனை பெட்டியும் காலி. தோப்பில் தெய்வமாக இருப்பது பக்கத்து அறையில் திருடன். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை அந்து அறை ஜன்னலில் மறந்து வைத்துவிட்டு, சாயங்காலம் வரை பட்டினி கிடந்தார். குளவி அறையில் கூட நின்று எடுத்துத் தருகிறேன் என்றவரிடம், "நீங்களும் இங்கதானே நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

அவர் கணவர் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். மனைவியைப் பற்றிப் பேசச் சொன்னால் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். "வீட்டு அரிசில ஒரு புழு வந்துட்டா வீட்டையே ரெண்டு பண்ணிடுவா. மூட்டையத் தூக்கி வெயில்ல போடு, டப்பாவக் கழுவுன்னு என் உயிரை எடுப்பா. அங்க போயி அதே புழுவுக்குச் சோறு போட்டு வளர்க்குறா. கேட்டா, அது ஆபீஸ் புழுங்கிறா."

குளவிகளில் பெண்களை மட்டுமே அவர் மதிக்கிறார். "வேலை பூரா பொண்ணுங்கதான் செய்யும். ஆம்பளைங்க தேனைக் குடிச்சிட்டுச் சும்மா திரியும்" என்பார், எதிரில் நிற்கும் தோப்புக்காரரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. இருந்தாலும் வெளியே அனுப்புவதற்கு முன்னால் இருபாலரையும் ஒருநாள் ஒரே குழாயில் விட்டு, தேன் தடவிய காகிதத்துண்டை உள்ளே வைத்து, கல்யாணம் முடித்துத்தான் அனுப்புவார்.

என் சித்தப்பாவுக்கு நூற்று நாற்பது தென்னை. போன வருடம் கருந்தலைப்புழு விழுந்து, தோப்பு முழுவதும் நெருப்பு வைத்ததுபோல் தீய்ந்துவிட்டது. அந்த நூற்று நாற்பதைத் தவிர அவருக்கும் சித்திக்கும் வேறு பிழைப்பு இல்லை. வேரில் மருந்து கட்டிப் பார்த்தும் அடங்கவில்லை. சங்கத்தில் குளவிக்கு எழுதி வைத்தார். அவருக்கு முன்னால் பதினோரு பேர். மனம் விட்டுப்போய், மரங்களை வெட்டி நிலத்தை விற்றுவிடுவது என்று ரம்பக்காரருக்கு ஒரு திங்கட்கிழமையைச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டாரே தவிர, ஆசை விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய் நின்றுகொண்டிருந்தார்.

குளவியக்கா மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் போயிருந்த சமயம் அது. அவருக்குப் பதிலாகப் பெட்டிகளைத் திறந்து பார்க்க ஆள் போடவில்லை. திரும்பி வந்த வியாழக்கிழமை காலை, வழக்கம்போல் முதல் பெட்டியின் துணியை விலக்கினார். விசாரிக்கவில்லை. புழுக்கள் எல்லாம் வதங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடிப்பொடியாக வெள்ளைக் கூடுகள். அடுத்த பெட்டி, அதற்கடுத்தது. பத்தாவது பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்து குளவிகள் புகைபோல எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போயின.

ஆய்வகப் பொறுப்பாளர், அவரைவிடப் பத்து வயது இளைய பெண், வாசலிலேயே தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சுக்கா. எல்லாத்தையும் கொதிக்கவச்சுக் கொட்டி, ரூமை மூடணும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இனி மூணு மாசத்துக்கு ஒரு குளவி கிடையாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து வந்தார். "மூணு மாசமா? திங்கக்கிழமை ரம்பக்காரன் வர்றானேம்மா!" பிறகு நடுக்கதவைக் காட்டி, "நான்தான்னு நினைக்கிறேன்" என்றார்.

"என்ன நீங்கதான்?" என்றார் குளவியக்கா.

"நீங்க ஊருக்குப் போன மறுநாள் வந்தேன். யாரும் இல்ல. குளவி ரூமுக்குள்ள கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். அப்புறம் இந்தக் கதவைத் திறந்து..."

"திறந்து?"

"என் பங்குக்குப் புழு எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பார்க்கலாம்னு."

"எத்தனை பெட்டி திறந்தீங்க?"

"எல்லாத்தையும் திறக்கல. ஒரு பத்து, பன்னெண்டு."

"நல்லவேளை. ரொம்பக் கட்டுப்பாடா இருந்திருக்கீங்க."

பொறுப்பாளர் வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினார். நியாயமான கோபம். குளவியக்கா அதில் கலந்துகொள்ளவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு, திறந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே ஊர்வதையும் பறப்பதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஆபீசரம்மா, இதெல்லாம் யாரு?"

"எதைக் கேக்குறீங்கக்கா?"

"இந்தப் பெட்டில பறக்குதே. நம்ம பொண்ணுங்கதானே? நாம மூணு வாரமா செய்யாத வேலைய நம்மகிட்டக் கேக்காமலே செஞ்சு வச்சிருக்குங்க. பக்கத்துல நூத்தி நாப்பது மரம் சாகக் கிடக்கு. இதுங்களப் போயிக் கொதிக்கவைப்பாங்களா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா. எண்ணாம, தரம் பார்க்காம எப்படி வெளிய விடுறது?"

"எண்ணித் தரேன். தரமும் பார்த்துத் தரேன். ரெண்டு நாள் பொறுங்க."

"இவருக்கு முன்னால பதினோரு பேர் இருக்காங்க."

"இருக்காங்க. அந்தப் பதினோரு தோப்புக்கும் புழு இவர் தோப்புலேர்ந்துதான் போகுது. இதுங்க ஆயுசு நாலஞ்சு நாள். வரிசைல நிக்கச் சொன்னா நிக்காது."

பொறுப்பாளர் கோபம் தணியாத முகத்தோடே கையெழுத்துப் போட்டார்.

குளவியக்கா அந்து அறை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஒரே ஒரு கண்ணாடியை மட்டும் விட்டுவைத்தார். பெட்டியைக் கீற்றளவு திறந்து, கண்ணாடிக் குழாயின் வாயை அங்கே வைத்து, மறுமுனையை வெளிச்சத்துக்குக் காட்டுவார். வெளிச்சத்தை நம்பிக் குளவிகள் உள்ளே வரும். முப்பது ஆனதும் பஞ்சால் அடைப்பார். அப்புறம் அடுத்த குழாய். இரண்டாம் நாள் மதியத்துக்குள் கண்கள் சிவந்துவிட்டன. சித்தப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தேன் தடவுவதற்குக் காகிதம் வெட்டினார். வேறு எதையும் தொட அவருக்கு அனுமதி இல்லை.

பெட்டிகள் பாழானதற்கான அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பொறுப்பாளர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார். "எழுதவாக்கா?" குளவியக்கா குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு சட்டைல வந்தீங்கன்னு குளவிகிட்டயா கேக்க முடியும்? தெரியலன்னு போடுங்க" என்றார். அப்படியே போட்டார்கள். ஆனால் சித்தப்பா இப்போது போகிற இடமெல்லாம் தாமே இந்தக் கதையைச் சொல்கிறார். அதுவும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் தொனியில் அல்ல. திருமணம் முடித்து வைத்தவர் தொனியில். சித்தி அருகில் இருந்தால், "அந்தச் சட்டையத் துவைக்காம எடுத்து வச்சிருக்கேன், சங்கத்துக்கு மறுபடி வேணும்னா கேக்கட்டும்" என்பாள்.

திங்கட்கிழமை காலை ரம்பக்காரர் சரியான நேரத்துக்கு வந்து நின்றார். சித்தப்பா வாசலிலேயே மறித்து, "வெட்ட முடியாதுப்பா, மேல ஆள் இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்.

எல்லாம் ஒரே வாரத்தில் பச்சையாகிவிடவில்லை. குளவியக்கா வேறோர் ஆய்வகத்திலிருந்து அந்து முட்டைகளை ஒரு சின்னப் புட்டியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, அறையை மறுபடி உண்டாக்கினார். மூன்று மாதம் கழித்துத் தோப்புக்கு இன்னொரு முறை குளவி விட்டார். இப்போது போய்ப் பார்த்தால், கீழ் மட்டைகள் இன்னும் தீய்ந்தே தொங்குகின்றன. ஆனால் ஒவ்வொரு மரத்தின் நடுவிலும் ஏழெட்டு ஓலைகள் புதிதாக விரிந்திருக்கின்றன. சித்தி தினமும் காலையில் அவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

சங்கத்தின் ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்: 'உயிரியல் முறையில் பூச்சிக் கட்டுப்பாடு மேற்கொள்ளப்பட்டது.' யார் மேற்கொண்டார் என்று அதில் இல்லை. குளவியக்கா அந்த இரண்டு நாளில் நாலாயிரத்து இருநூறு குளவிகளைக் குழாய்களில் பிடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தணிந்ததும் நூற்று நாற்பது மரங்களின் அடியிலும் ஒவ்வொன்றாகப் போய் நின்று, மரத்துக்கு ஒரு குழாயாகத் திறந்துவிட்டார். மறுநாள், விடுமுறை என்றும் பாராமல், அறுபத்துநான்கு பெட்டிகளையும் வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார்.