இந்தியக் கால்

என் மகளுக்கு ஓட வராது. இதை வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். காலையில் பள்ளிப் பேருந்து கிளம்பிவிட்டால், அவள் ஓடிப்போய்ப் பிடித்ததாகச் சரித்திரமே இல்லை. நான்தான் காரை எடுத்துக்கொண்டு துரத்துவேன்.

ஆனால் பூப்பந்து மட்டையைக் கையில் எடுத்தால் வேறு ஆள். ஓங்கி அடிக்கப்போகிறவள் மாதிரி கையை வீசுவாள். எதிராளி பயந்து பின்னால் போவாள். கடைசி நொடியில் இவள் மணிக்கட்டைத் தளர்த்த, பந்து வலையை ஒட்டி மெல்ல விழும். இந்த ஓர் அடிக்காக இரண்டு வருடமாகச் சாயங்காலங்களை விளையாட்டு மண்டபத்திலேயே கழித்திருக்கிறாள். ஓட வராதவள் ஓடாமலே ஜெயிக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் அவளுக்கும் அவளுடைய பள்ளித் தோழியான சீனப் பெண்ணுக்கும் நடந்தது. மைக்கில் நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர். எங்கள் வட்டாரத்தில் எந்த விழாவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ் முஸ்லிம்; மலாயும் ஆங்கிலமும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் புரளும். குரல் பெரியது, மைக்கே தேவையில்லை. ஆனாலும் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார்.

கடைசிப் புள்ளி. என் மகள் நின்ற இடத்திலிருந்து நகரவே இல்லை. கையை வீசினாள், மணிக்கட்டைத் தளர்த்தினாள், பந்து விழுந்தது, ஜெயித்துவிட்டாள். கடைக்காரர் மைக்கில் முழங்கினார்: "இந்தியக் கால்லா! சும்மாவா? அந்தப் பக்கம் சீனத் தலை கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கு, இந்தப் பக்கம் கால் பறக்குது!"

மண்டபமே சிரித்தது. என் மகள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். தோற்ற தோழிக்கும் முகம் சுண்டிவிட்டது, ஏனென்றால் முந்தின வாரம்தான் அவள் கணக்குப் பரீட்சையில் தோற்றிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்த என் கணவரோ பூரித்துப்போயிருந்தார்.

"நம்ம ரத்தம்லா," என்றார்.

"அவ ஓடவே இல்லையே. நின்ன இடத்துலயே நின்னுல்ல அடிச்சா?"

"பாராட்டத்தானே செஞ்சாரு? அதுவும் நம்மாளு. வேற யாராச்சும் சொல்லியிருந்தா கோபப்படலாம்."

வீடு போய்ச் சேர்வதற்குள் குடும்ப வாட்சப் குழுவில் அவர் செய்தியை ஏற்றிவிட்டார். சுங்கை பாக்காப் ஊரில் இருக்கும் அவருடைய பெரியப்பா, ரப்பர் தோட்டத்தில் அவருடைய அப்பா காட்டுப்பன்றியை ஓடிப் பிடித்த கதையைக் குரல் பதிவாகவே அனுப்பினார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் எதற்கும் ஓடி நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக்கூட, பாதி முடிந்தபிறகு நிதானமாக நடந்துதான் வருவார்கள்.

இதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் மண்டபத்தில் பள்ளியின் விளையாட்டு ஆசிரியரும் இருந்திருக்கிறார். திங்கட்கிழமையே என் மகளை நூறு மீட்டர் ஓட்டத்தில் சேர்த்துவிட்டார். ஓடவிட்டுப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. விளையாட்டு விழாவில் நன்றாக ஓடிவிட்டால் திடல் பயிற்சி தினமும் சாயங்காலம். பூப்பந்துக்கும் அதே சாயங்காலம்தான். எதையாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு வராது சார்ன்னு சொன்னேம்மா," என்றாள் மகள். "வெக்கப்படாதே, உன் ரத்தத்துலயே இருக்குன்றாரு." சோற்றைத் தொடாமல் எழுந்து போனாள்.

மறுநாள் நான் நேராகக் கடைக்குப் போனேன். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, கடைக்காரர் பார்சலில் குழம்பைத் தாராளமாக ஊற்றிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை.

"பாராட்டித்தானே தங்கச்சி சொன்னேன்? மைக் கைக்கு வந்துட்டா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

"பாராட்டுனது காலை அண்ணே. ஜெயிச்சது அவ கையும் தலையும்."

அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்க வர்றப்பல்லாம் என்ன சொல்வீங்க? பாய் கை பட்டாலே கறிக்குத் தனி ருசிம்பீங்க. உள்ள எட்டிப் பாருங்க. சமைக்கிறது பங்களாதேஷ்காரரு. எனக்கு முட்டைகூட ஒழுங்காப் பொரிக்கத் தெரியாது."

வேகமாகச் சண்டைபோடப் போனவள் பார்சலோடு திரும்பினேன். குழம்பு வழக்கம்போல் நன்றாகவே இருந்தது, அது வேறு எரிச்சல்.

விளையாட்டு விழா வந்தது. மைக்கில் அவரேதான். பிறை நகரில் தான் வேலைபார்க்கும் தொழிற்சாலையில் விடுப்புச் சொல்லிவிட்டு என் கணவர் முன்வரிசையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். துப்பாக்கி வெடித்தது. என் மகள் ஓடினாள். பொய்யாக ஓடவில்லை, உயிரைக் கொடுத்து ஓடினாள். மற்ற எல்லோரும் எல்லையைத் தாண்டித் தண்ணீர் குடிக்கும்போது கடைசியாக வந்து சேர்ந்தாள். முதலில் வந்தது கணக்கு வராத அந்தச் சீனத் தோழி.

"ஐயோ பாவம், காலு பிடிச்சிக்கிச்சு போல," என்றது மைக். "முதலுதவி ஆளுங்க எங்கப்பா?"

கண் முன்னால் பார்த்தும் அவருக்கு அது நம்பும்படியாக இல்லை.

மகள் மூச்சு வாங்க நேராக அவரிடம் நடந்தாள். அவர் மைக்கை வாயருகிலேயே வைத்துக்கொண்டு குனிந்தார்.

"அங்கிள், காலுக்கு ஒன்னும் இல்ல. இதான் என் வேகம்."

திடல் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு தானும் சிரித்து, அவள் தலையில் கைவைத்து, "சரிம்மா, அப்ப நான்தான் தப்பாப் பார்த்திருக்கேன்," என்றார். அதையும் மைக்கில்தான் சொன்னார். ஓட்டப் பயிற்சிப் பேச்சை விளையாட்டு ஆசிரியர் பிறகு எடுக்கவே இல்லை. கடைசியாக வந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் அன்று எங்களுடையதாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது காரில் என் கணவர் உற்சாகமாகவே இருந்தார். "ஓட்டம் போனாப் போவுது. எனக்கு அப்பவே தெரியும். நம்ம வம்சத்துக்கு எப்பவுமே மூளைதான்."

பின்னிருக்கையிலிருந்து மகள் முன்னால் சாய்ந்தாள்.

"அப்பா, தினம் சாயந்தரம் கோர்ட்டுல நின்னது யாரு, வம்சமா?" அவள் குரல் உடைந்தது. "நான்தானேப்பா நின்னேன்."

சிக்னல் விளக்கு பச்சையானதை அவர் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த லோரி ஹாரன் அடித்தபிறகுதான் காரை நகர்த்தினார்.

மறுநாள் மாலை, அந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவர் பயிற்சி நேரத்தில் மண்டபத்துக்கு வந்தார். மகள் அதே அடியைப் பழகிக்கொண்டிருந்தாள். பந்து வலையில் முட்டி விழுந்தது, மறுபடியும் விழுந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவளிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். அன்று குடும்பக் குழுவில் அவர் ஒன்றும் போடவில்லை.