இரண்டு கயிறும் ஒரு மெழுகுத் தட்டும்

மர்சலின் டீச்சரைப் பிடிவாதக்காரி என்று சாந்தோமில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் அதைவிட மோசமாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பிடிவாதத்தைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பதினோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர் அவர். குப்பத்துப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்ன தலைமையாசிரியையிடம் சாக்பீஸை நீட்டி, "நீங்களே நடத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். லஸ் முனையில் கிராமபோன் தட்டு விற்கும் கடை போட்டார்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், இலங்கையில் மன்னாரில் இதே வியாபாரம் செய்த பவுல்சாமி சாந்தோம் கோயில் திருநாளுக்கு வந்தார். கடற்கரையில் நொச்சிக்குப்பத்து ஆட்கள் பாடிக்கொண்டே வலை இழுப்பதைக் கேட்டு நின்றுவிட்டார். "இது எங்கட கரைப் பாட்டெல்லே!" என்றாராம். அந்த மணலிலேயே இருவரும் முடிவு செய்தார்கள். ஒரு தட்டு, ஒரு பக்கம் நொச்சிக்குப்பம், மறுபக்கம் மன்னார். இங்கே டீச்சர் விற்பார், அங்கே பவுல்சாமி.

தியாகராய நகர் ஸ்டூடியோவில் ஒரு பிற்பகலை வாடகைக்கு எடுத்தார்கள். நான், சந்திரமௌலி, அங்கே மெழுகுத் தட்டுக்காரன். பாட்டு முதலில் மெழுகில்தான் பதியும். சரியில்லை என்றால் அதைச் சீவிச் சமப்படுத்துவதும் என் வேலைதான். அன்றைக்கு இருந்தது இரண்டே மெழுகு, பக்கத்துக்கு ஒன்று. பவுல்சாமி கூட்டி வந்த மன்னார் ஆட்கள் ஐந்து பேரும் அன்று சாயங்காலமே இலங்கைக் கப்பலோடு சேரும் கப்பல் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

முதலில் நொச்சிக்குப்பத்து சுப்புராயனும் அவர் ஆட்களும், மொத்தம் ஆறு பேர், தூணில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பாடினார்கள். ஒரு மெழுகு கொள்ளும் மூன்று நிமிஷமும் ஆயிற்று. நிறுத்தச் சொல்லிச் சிவப்பு விளக்கை அணைத்தேன், கையை ஆட்டினேன். ம்ஹூம். நிறுத்தவே இல்லை. ஊசி நடுவட்டம் வரை போய்க் கிறீச்சிட்டு, இனிச் சீவவும் முடியாதபடி மெழுகையே பிளந்துவிட்டது. பாதி அடியில் பாட்டு அறுந்துபோயிற்று.

"இன்னா சார் நீ? வலை இன்னும் கடல்ல கீது," என்றார் சுப்புராயன். "நட்டநடுவுல பாட்ட எப்டி சார் உடறது?"

எங்கள் மானேஜர் ராமானுஜம் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு மெழுகுதான் இருக்கு. பக்கத்து ரூம்ல நாடகப் பாட்டுக்காரி இருக்கா. ஆர்மோனியத்தோட நயமாப் பாடிடுவா. இவாளைப் பின்னாடி ஹோ போடச் சொல்லுங்கோ."

"அது இவங்க பாட்டு ஆகாது சார்," என்ற டீச்சர் திரும்பினார். "சுப்புராயா, கரைவலைக்கு எத்தனை கயிறு?"

"ரெண்டு டீச்சரம்மா. ரெண்டு பக்கமும் இஸ்துக்கினே கிட்ட வருவோம்."

"ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு மன்னாருக்கு."

குண்டு விழும் என்று பயந்து அடுக்கிய மணல்மூட்டைகள் முற்றத்தில் கிடந்தன. வலைக்குப் பதிலாக ஒன்றில் இரண்டு கயிற்றைக் கட்டி, கயிற்றை ஜன்னல் வழியே விட்டு உள்ளிருந்து இழுத்துப் பார்த்தார்கள். நான் கடிகாரம் பிடித்தேன். இரண்டே நிமிஷத்தில் மூட்டை வந்துவிட்டது. இன்னொரு மூட்டையைச் சேர்த்துக் கட்டியதும் மூன்று நிமிஷம் பிடித்தது.

பதிவு ஆரம்பித்தது. நொச்சிக்குப்பம் கூப்பிட, மன்னார் பதில் சொல்லிற்று. சொல் வேறு, இழுப்பு ஒன்றுதான். மூட்டை ஜன்னல் சுவரில் மோதியதும் பதினோரு தொண்டையும் ஒரே கூவலாகக் கூவி நின்றன. மெழுகில் விரல்கடை இடம் மிச்சம் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மானேஜருக்கு வரவில்லை. "மூச்சு வாங்கறது கேக்கறது, கால் தேய்க்கறது கேக்கறது. எந்த ஊர்ப் பாட்டுன்னே தெரியலை. மௌலி, சீவிடு! அந்தப் பாட்டுக்காரியைக் கூப்பிடு!"

நான் நகர்வதற்குள் டீச்சர் மெழுகை விளிம்பில் பிடித்துத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு வாங்காம ஒரு வலை இழுத்துக் காட்டுங்க சார். அப்புறம் நானே சீவிக் குடுக்கறேன்."

"மௌலி, வாங்கிண்டு வா அதை!"

ஒன்பது வருஷ வேலை. வீட்டில் மூன்று குழந்தைகள். சீவுகிற கத்தியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "என்னால முடியாது சார்," என்று டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். ரயிலுக்கு நேரமாகிறது என்று மானேஜர் பயமுறுத்திப் பார்த்தார். "போனால் போகட்டும்," என்று பவுல்சாமியும் சப்பணமிட்டார்.

ரயில் போயே போய்விட்டது. அதற்கப்புறம்தான், இவர்கள் எழுந்திருக்கப்போவதில்லை என்று கண்டு, மானேஜர் அச்சுக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டார். "எங்க கம்பெனிப் பேர் மட்டும் இதுல வரப்படாது."

"யார் கேட்டா?" என்றார் டீச்சர். "இழுத்தவங்க பேரைப் போட்டுக்கறேன்."

மாதக் கடைசியில் எனக்கு வேலை போயிற்று. அதற்குள் தட்டு வந்துவிட்டது, ஒரு பக்கம் மட்டும் பாட்டோடு. நடுவில் ஒட்டியிருந்த வட்டச் சீட்டில் ஆறு நொச்சிக்குப்பத்துப் பெயர்களும் ஐந்து மன்னார்ப் பெயர்களும் பொடி எழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. வேறு எந்தப் பெயருக்கும் அதில் இடமில்லை.