என் பிலோமினாவுக்குக் கயிறு பிடித்தவள்

என் ஒரே மகள் என் கண் முன்னாலேயே என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் இல்லை. என் சாட்சி அங்கேதான் தொடங்குகிறது.

இதை மாதா கோவிலில் எழுந்து சொல்லச் சொன்னார்கள். எழுந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது உலகச் சண்டைக் காலம். அரிசிக்குக் கூப்பன் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை, கரையில் வந்த காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பிலோமினாவுக்கு அப்போது பதிமூன்று வயது. அப்பா செல்லம். அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சு குறைந்தது. பிறகு பள்ளிக்கூடம் நின்றது. நான் வலை பின்னிக்கொண்டிருப்பேன், அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள்.

அந்தச் சமயம் பார்த்து ஒருத்தி எங்கள் தெருவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். கொழும்பில் பெரிய வீடுகளில் வேலை இருக்கிறது என்று வயதுப் பிள்ளைகளிடம் ஆசை காட்டுவாள். கூலி வேலைக்குக் கொழும்பு போவதைச் சர்க்கார் நிறுத்தியிருந்த காலம். அவள் தோணியில் ஒளித்துக் கொண்டுபோவாள். போன பிள்ளைகளைப் பற்றி ஒரு செய்தியும் வராது.

ஒருநாள் பிலோமினா கேட்டாள்.

"எனக்கு இங்கன யாரும்மா இருக்கா?"

"நான் இருக்கேம்லா."

"நீயும் பேசமாட்டியே."

அவள் சொன்னது சரிதான். அன்றிலிருந்து தினமும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒன்றையே கேட்டேன். தாயே, என் பிள்ளைக்கு ஒரு ஆள் கொடு. வேறு எதையும் கேட்கவில்லை.

இப்போது கஸ்பார் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சங்குத் தோணியில் கயிறு பிடித்து வயதானவர். சங்கு குளிக்கிறவன் கயிற்றோடுதான் கடலில் இறங்குவான். மேலே தோணியில் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் இருப்பான். கீழே இருப்பவன் அசைத்ததும் இவன் இழுத்து எடுக்க வேண்டும். பெரும்பாலும் மச்சினனைத்தான் பிடிக்க வைப்பார்கள். அக்காள் தாலி தன் கையில் இருக்கிறது என்று அவன் கண்ணை எடுக்கமாட்டான். ஒருவன் கையில் ஒரு கயிறுதான்.

அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, கடல்ல இறங்குறவனுக்கு ஒரு ஆள் இருக்கான். இந்தத் தகப்பன் இல்லாத பிள்ளையளுக்குக் கரையில ஆரு இருக்கா?" என்று கேட்டாராம். சாமியார் சம்மதித்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள். வாரம் ஒரு தடவை அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை. கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான் ஆள் சேர்ந்தது. அவர்களை எல்லாரும் கயிற்றுக்காரர்கள் என்று கேலி பேசினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் தோணி வழக்கத்தை அப்படியே கரைக்குக் கொண்டுவந்தார்கள். கயிறு சொந்தக்காரன் கையில்தான் இருக்க வேண்டும் என்று அந்தந்தப் பிள்ளையை அதன் அத்தை, மாமன் கையிலேயே கொடுத்தார்கள். பிலோமினாவுக்கு அவள் அத்தை அந்தோணியம்மாள் வந்தாள். என் வீட்டுக்காரரின் அக்காள். பாசமானவள்தான். ஆனால் வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏளா, இப்படியே கிடந்தா எவன் கெட்டுவான் உன்னை? தலையைச் சீவு. பள்ளிக்கூடத்துக்குப் போ. எங்க வீட்டு மானம் போவுது."

பிலோமினா சுவரோடு இன்னும் ஒட்டிப் படுப்பாள். தாயே, நான் கேட்ட ஆள் இதுதானா என்று நான் மாதாவைப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கூப்பன் அரிசி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் பிள்ளை இல்லை. அவளுடைய பாவாடை தாவணி இல்லை. கொடியில் கிடந்த அவள் அப்பாவின் துண்டும் இல்லை. கொழும்புக்கு ஆள் பிடிக்கிறவளிடம்தான் போயிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. முழங்காலில் விழுந்தேன். செபம் கூட வரவில்லை. தாயே, தாயே என்றுதான் சொல்ல முடிந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ. தெருவில் போய்க் கூப்பிட வேண்டும், ஆனால் நான் அதுவரை தெருவில் சத்தம் போட்டவளே இல்லை. என்ன நடந்தது என்று தெரியவில்லை, யாரோ கையைப் பிடித்துத் தூக்கியது போல எழுந்தேன். கோவில் வாசலில் ஆம்பிளைகள் கூடி நின்றார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் போய், "அண்ணாச்சி, எம்பிள்ளையைக் காணோம்" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

கஸ்பார் அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு முன்னால் நடந்தார். நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள். தோணித் துறைக்குப் போகிற உப்பளத்துப் பாதையில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே தெரேசா வந்துகொண்டிருந்தாள், அவள் பக்கத்தில் என் பிலோமினா. தெரேசா எங்களுக்குச் சொந்தம் இல்லை. வேறு தெரு. கருவாடு காயப்போட்டு ஸ்ரீவைகுண்டம் பக்கம் கொண்டுபோய் விற்கிறவள். அவள் தலையில் கூடை இருந்தது. பிலோமினா அவள் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

நடந்ததைத் தெரேசாதான் பிறகு சொன்னாள். கரையோரம் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் பிள்ளை மூட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். பார்த்ததுமே தெரேசாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. தன் வேலையை முடித்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். வெகுநேரம் கழித்துப் பிள்ளைதான் வாய் திறந்தாளாம்.

"அக்கா, கொழும்புக் கடலும் இப்படித்தான் இருக்குமா?"

"எனக்கு எப்படிளா தெரியும்? நான் ஸ்ரீவைகுண்டத்துக்கு அங்கிட்டுப் போனதில்ல. அங்கன கடலே கிடையாது."

பிலோமினா சிரித்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரிப்பு அப்படியே அழுகையாகி, அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாளாம். தெரேசா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். தூரத்தில் அந்தக் கொழும்புக்காரி வந்து கையைக் காட்டிக் கூப்பிட்டபோது பிலோமினா எழுந்திருக்கவில்லை. தெரேசாவின் முந்தானையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். அப்போதுதான் தெரேசா எழுந்தாள்.

"பிள்ளை வரல்ல. நீ போ" என்றாளாம். அவ்வளவுதான்.

நான் முழங்காலில் கிடந்த நேரமும் தெரேசா என் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரமும் ஒன்று. நான் எழுந்து தேடுவதற்கு முன்னாலேயே ஆண்டவர் ஆளை அனுப்பிவிட்டார். இதை நான் சாகும்வரை சொல்லுவேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கயிற்றுக்காரர் கூட்டத்தில் அந்தோணியம்மாள் அழுதாள். "நான் நல்லதுதானே அண்ணாச்சி சொன்னேன்?"

கஸ்பார் அண்ணாச்சி சொன்னார்.

"நல்லதுதாம்மா சொன்ன. தப்பு எம்மேல. சொந்தக்காரனுக்குக் கை சும்மா இருக்காது, தன் பக்கமே இழுத்துக்கிட்டிருக்கும். கீழே இருக்கவன் அசைக்காம மேல இருக்கவன் இழுத்தா, கைக்கு வந்த சங்கும் நழுவிரும். தெரேசா பேசாம உக்காந்தா பாரு, அதுதான் கயிறு பிடிக்கிறது."

அன்றைக்கே எல்லாரையும் மாற்றினார்கள். யார் கையிலும் சொந்தக்காரப் பிள்ளையைக் கொடுக்கவில்லை. தெரேசா பிலோமினாவுக்கு. அந்தோணியம்மாளுக்கு அடுத்த தெருப் பிள்ளை ஒருத்தி. அந்த வாயாடிப் பிள்ளை அவளையே பேசவிடாமல் அடக்கிவிட்டது. இருவரும் தாயும் மகளும் போல ஆனார்கள்.

பிறகு என் முறை வந்தது. சண்டைக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்தே வந்த குடும்பத்துப் பிள்ளை, பெயர் லூர்து. வழியிலேயே தாயைப் பறிகொடுத்தவள்.

"எனக்குப் பேச வராது அண்ணாச்சி."

"பேச ஆளு நிறைய இருக்காவ. உக்கார ஆளில்ல. நீ உக்காரு."

உட்கார்ந்தேன். வலை பின்னினேன். அவளும் பார்த்துப் பார்த்துப் பின்னினாள். மாதக்கணக்கில் எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை. ஒருநாள் நூலை அறுத்துக்கொண்டே, "எங்கம்மாவுக்கும் வலை பின்னத் தெரியும்" என்றாள். நான் நூலைக் கீழே வைத்தேன். என்னுடைய கூச்சத்தை எடுத்துவிடும்படி எத்தனையோ வருஷம் செபித்திருக்கிறேன். ஆண்டவர் எடுக்கவில்லை. அதற்கு அவர் வேலை வைத்திருந்தார்.

நாங்கள் பெருகினோம். உப்பளத்துப் பிள்ளைகள் வந்தார்கள், எந்த வேதம், எந்த மதம் என்று பார்க்கவில்லை. ஆலந்தலையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய் அங்கேயும் தொடங்கினார்கள். நம் ஜில்லா நாசரேத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து, எங்கள் விதிகள் என்ன என்று கேட்டார். "ஒரு கையில ஒரு கயிறு. அசைச்சாத்தான் இழுக்கணும்" என்றார் அண்ணாச்சி. வேறு இல்லையா என்று கேட்டதற்கு, "வேற இருந்தா எங்களுக்கு மறந்துபோவும்" என்றார். அவர் இப்போது இல்லை. தெரேசாவும் போய்விட்டாள். அவள் அடக்கத்தில் பிலோமினாதான் மூத்த மகள் மாதிரி முன்னால் நடந்தாள்.

எனக்கும் வயதாகிவிட்டது. பிலோமினா இப்போது பேரப்பிள்ளை எடுத்தவள். அவளும் ஒரு பிள்ளைக்குக் கயிறு பிடிக்கிறாள். சாயங்காலத்தில் வந்து என் பக்கத்தில் சும்மா இருப்பாள். என்னளா என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, உக்காந்திருக்கேன்" என்பாள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற பிள்ளை இருக்கலாம். ஆளை அனுப்பு என்று ஆண்டவரிடம் கேளுங்கள், அனுப்புவார். நீங்கள் நினைத்த ஆளாக இருக்காது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால், யாரோ செபித்து உங்களைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவசரப்பட்டு இழுக்காதீர்கள். கயிறு அசையும். எனக்கு அசைந்தது.