கொச்சியில் தங்கிவிட்ட விலை

"நீதானே மெஹ்ரினு? ஏலக்கா வெலை போடுற பொண்ணு?"

கேட்டுக்கொண்டேதான் சந்திரவல்லி கடைக்குள் வந்தாள். குரங்கணிக்கு மேலே சரிவில் கொஞ்சம் காய் போட்டிருப்பவள். முதல் பஸ்சைப் பிடித்து போடிக்கு இறங்கியிருந்தாள்.

"ஆமாக்கா. உக்காருங்க."

"உக்கார வரல தாயி. நேத்து சாயங்காலம் என்ன வெலை போட்டிருந்த?"

"ரெண்டாயிரத்து நானூத்திப் பத்து."

"அப்ப இது யாரு போட்டது?"

அவள் நீட்டிய போனில் மெஹ்ரினின் இணையப் பக்கத்தைப் படம்பிடித்து வைத்திருந்தாள். அதே பச்சைப் பட்டை, அதே எழுத்து. விலை மட்டும் இரண்டாயிரத்து நூற்றெண்பது.

"இது முந்தாநாள் வெலைக்கா."

"நேத்து ஆறு மணிக்கு நான் பாத்தது. இத நம்பித்தான் மூணு சாக்கையும் யாவாரிகிட்டத் தூக்கிக் குடுத்தேன். என்னைக்கும் அரைமணி நேரம் மல்லுக்கு நிக்கிற ஆளு, நேத்து மறுபேச்சே பேசல. அப்பவே எனக்குச் சுருக்குன்னு இருந்திருக்கணும்."

காய் வாங்கும் தராசுப் பக்கமிருந்து மெஹ்ரினின் அத்தா கலீபுல்லா சிரித்தார். "பொண்ணு சென்னைக்குக் கெளம்புற அவசரத்துல இருக்கா. அதான்."

"நேரத்தையும் சேத்துப் போட்டுடுறேன்க்கா" என்றாள் மெஹ்ரின். "எப்பப் போட்ட வெலைன்னு தெரியும்."

சந்திரவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒன்று கேட்டாள். அதற்கு மெஹ்ரின் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை.

அத்தாவை நிம்மதியாகச் சாப்பிட வைப்பதற்காகத்தான் அந்தப் பக்கத்தை அவள் தொடங்கினாள். உத்தமபாளையத்துக்குப் பஸ்சில் போய்க் கணினி படித்து முடித்த வருஷம் அது. ஏல மையத்திலிருந்து அத்தா வெளியே வந்ததும் மலையிலிருந்து நாற்பது பேர் போனில் விலை கேட்பார்கள். சோறு ஆறிப்போகும். விலையைப் பக்கத்தில் போட்டாள். காயின் பருமனும் பச்சையும் தெரியாமல் விலை மட்டும் தெரிந்து பயனில்லை என்பதால் ஏலத்தில் காட்டும் மாதிரிக் காய்த் தட்டுகளின் படங்களையும் போட்டாள். இரண்டே வருஷத்தில் ஏல நாட்களில் பத்தாயிரம் பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். அத்தனை பேரும் ஏலம் முடிந்த அதே அரைமணி நேரத்தில் வந்தார்கள். மும்பையில் வாடகைக்கு எடுத்திருந்த கணினி திணறியது. மலையில் பக்கம் திறக்கவே இல்லை. போன்கள் மறுபடி அத்தாவிடம் வந்தன.

சென்னைக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் அந்தச் சமயத்தில்தான். அத்தா மறுக்கவில்லை. "போ. ஆனா ஒரு மாசம் உன் கை படாம இது ஓடணும். சோத்துல நான் கை வைக்கிற நேரம் ஒருத்தனும் கூப்பிடக் கூடாது. அப்புறம் நானே வண்டி ஏத்திவிடுறேன்" என்றார்.

அதற்கு சி.டி.என். வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தின் நகலைப் பல ஊர்க் கணினிகளில் வைத்திருந்து, கேட்கிறவருக்கு அருகிலுள்ள ஊரிலிருந்து கொடுக்கும் சேவை அது. மூன்று சேவைகளைப் பார்த்தாள். இலவசமாகக் கிடைத்தது, கூட்ட நேரத்தில் நகலைச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. இரண்டாவது, அனுப்பும் அளவுக்கு ஏற்பக் காசு கேட்டது. தட்டுப் படங்களோ கனமானவை. மூன்றாவதற்கு மாதம் ஒரே கட்டணம். சென்னையிலும் கொச்சியிலும் நகல் இருக்கும். விலை மாறினால் பழைய நகலை அழிக்கச் சொல்லலாம், ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி உத்தரவு.

மூன்றாவதைச் சோதிக்க, மலைக்கு ஜீப் ஓட்டும் சின்ராசுவோடு குரங்கணி வரை போனாள். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தைத் திறந்து நொடிகளை எண்ணினாள்.

"இத்தன நாளா உங்க நெட்டு என் ஜீப்பு மாதிரியில்ல ஏறுச்சு" என்றான் சின்ராசு. "இப்ப என்ன பாப்பா, எறக்கத்துல நியூட்ரல்ல விட்ட மாதிரி வருது!"

அதற்கு மேலே போகவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

"கொச்சிக்கும் அழிக்கச் சொல்லணுமா அத்தா?" என்று அன்று மாலை கேட்டாள்.

"நம்மகிட்ட வர்றவன்லாம் நம்ம மலைக்காரன். கொச்சிக்காரனுக்கு இங்க என்ன சோலி?"

அவளுக்கும் அது சரியாகவே பட்டது. உத்தரவைச் சென்னைக்கு மட்டும் எழுதினாள். கொச்சி நகல் ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கும். விலையைப் பதிவதற்குத் தம்பி ரஃபியைப் பழக்கினாள். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். சந்திரவல்லி வந்தது இருபத்திரண்டாம் நாள்.

அன்றே சின்ராசுவின் ஜீப்பில் ஏறி, குரங்கணியைத் தாண்டிய மூன்றாவது வளைவில் இறங்கினாள். போனைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அங்கிருந்து மேலே கேரளத்து டவர். சந்திரவல்லியின் நிலம் தமிழ்நாட்டில் இருந்தது, போன் கொச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை விலை ஐந்து பத்துதான் ஏறி இறங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு நாள்தான் துள்ளியது.

கொச்சிக்கும் உத்தரவு எழுதிப் பத்து நிமிஷத்தில் திருத்தினாள். விலைக்கு மேலே நேரத்தையும் பெரிதாகப் போட்டாள்.

"மறுபடி ஒண்ணுலருந்து எண்ணு" என்றார் அத்தா.

எண்ணினாள். இந்த முறை முப்பதும் ஒழுங்காக முடிந்தன. ரஃபி பதிந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு ஊரிலும் விலை மாறியது. அத்தா சூடாகச் சாப்பிட்டார். பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது.

ஆனால் ஏல நாட்களில் நாலு மணிக்கு வாசலில் சின்ராசுவின் ஹாரன் கேட்கும். அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறுவாள். மூன்றாவது வளைவில் போனைத் திறப்பாள். ரஃபி போட்ட விலைதான் இருக்கும். "சரி" என்பாள். அதன் பிறகே சாக்குகளின் வாய் கட்டப்படும். முதலில் சந்திரவல்லி மட்டும் நின்றாள். இப்போது ஒன்பது பேர் நிற்கிறார்கள்.

"ரஃபி வந்து பாத்தா ஆகாதா?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"உந்தம்பி காய் வாங்குறவன்" என்றார் ஒச்சப்பன் என்ற பெரியவர். "வாங்குறவன் வாயால வெலை கேக்கச் சொல்றியா?"

அத்தாவும் வாங்குகிறவர்தான். காய் வாங்காத ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

சென்னைக் கம்பெனி இரண்டு முறை தேதி மாற்றிக் கொடுத்தது. அவள் எழுதிய மூன்றாவது கடிதத்துக்கு அங்கிருந்து பதில் வரவில்லை. பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உடுத்திக்கொண்டிருக்கிறாள். வளைவில் நிற்கும்போதெல்லாம், அன்று கடையில் சந்திரவல்லி போனை மடியில் செருகிக்கொண்டே கேட்டது நினைவுக்கு வரும்.

"வெலையில பொய் சொன்ன போனு, நேரத்துல மட்டும் நெசம் பேசுமாக்கும்? நீயே ஒரு எட்டு எங்க வளைவுக்கு வந்து, உங் கண்ணால பாத்துச் சரின்னு சொல்லு தாயி. பெறகு நான் சாக்கக் கட்டுறேன். சென்னை எங்க ஓடிரப் போகுது?"