ஒன்றுக்கும் கீழே

வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூரையில் மினுக்கும் குழல்விளக்கைப் பார்க்கிறார். பிறகு எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்கிறார். "ரெண்டு" என்கிறார். மக்ரோனி சூப் கொண்டுவந்த பெண் நின்று, "ரெண்டு கிண்ணமா மாமா?" என்று கேட்கிறாள். "இல்லம்மா, வெளிச்சம் ரெண்டு. சூப்பு ஒண்ணு." அந்தத் தேநீர்க் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஸீட்டோ பாக்-லாமிடம் ஒருமுறை இப்படி மாட்டுவார்கள்.

சுவரோரத்து மேசைக்கு மாறினால் "ஒண்ணு பாயிண்ட் நாலு." மினிபஸ்ஸில் ஏறினால் "ஒண்ணு பாயிண்ட் ரெண்டு. அதுவும் டிரைவர் மனசு வச்சு லைட்டப் போட்டாத்தான்." இடத்தையெல்லாம் சதுர அடியால் அளக்கிற ஹாங்காங்கில் இவர் ஒருவர்தான் இருட்டால் அளக்கிறார். அது கேமரா லென்சின் கணக்கு. எண் சிறுக்கச் சிறுக்க லென்சின் வாய் பெருக்கும்; வாய் பெருத்தால் துளி வெளிச்சத்தையும் விடாமல் அள்ளும். இரண்டு என்பது கெட்டிக்கார லென்ஸ். ஒன்று என்பது பணக்கார லென்ஸ். "என் வீட்டுக்கு ஒண்ணுக்கும் கீழே வேணும், தடியா" என்பார். தடியன் நான்தான். ஷாம் சுய் போவில் ஒரு சந்துக்குள் பிலிம் கழுவும் கடை வைத்திருக்கிறேன். என் உடம்பைப் பார்த்து ஊர் வைத்த பெயர் அது. பொய் சொல்லவில்லை என்பதால் கோபித்துக்கொள்வதும் இல்லை.

ஸீட்டோ அண்ணனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் லிப்டுக்குள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். "இதுக்கு மூட்டுவலி." "இது எவனையோ திட்டிக்கிட்டே ஏறுது." இறங்கும்போது கதவில் இரண்டு தட்டு தட்டி "ம்கோய்" என்று நன்றி சொல்வார். லிப்டுக்கு மட்டுமில்லை, நேரத்துக்கு வந்த பஸ்ஸுக்கும், குடை இல்லாத நாளில் நின்றுபோன மழைக்கும் அவரிடம் நன்றி உண்டு. எனக்கு இப்படிப்பட்ட மனிதர்களைக் கண்டால் எரிச்சல் வரும். கொஞ்சம் குறைபட்டுக்கொள்கிறவனோடு டீ குடித்தால்தான் டீ ருசிக்கும்.

அவருடைய கேமரா, கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கிய பழைய ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டர். இந்த வகையில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூலையில் தனியாக ஒரு சின்னச் சன்னல் இருக்கும். அதன் நடுவில் எல்லாம் இரட்டையாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஓர் உருவம் நகர்ந்துவந்து மற்றதோடு ஒட்டும். ஒட்டிய கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சத்தை அளக்கிற கருவி அதில் இல்லை. அந்த வேலைக்குத்தான் இவருடைய வலது கண் இருக்கிறதே.

இருட்டின் மேல் இவருக்கு என்ன ஆசை என்று கேட்கலாம். இவருடைய மனைவி மியூ-சிங் அண்ணி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன் வலது கண்ணுக்குள் வீக்கம் வந்தது. அன்றிலிருந்து வெளிச்சம் பட்டால் ஊசி குத்துவதுபோல் வலி. வெளியே போனால் பட்டைக் கறுப்புக் கண்ணாடி. மார்க்கெட்டில் மீன்காரர் "வாங்க ஸ்டாரு, இன்னிக்கி ஷூட்டிங் இல்லையா?" என்பார். "இருக்குய்யா, வில்லன் நீதான்" என்று அண்ணி பேரம் பேசத் தொடங்குவார். வீட்டில் அந்தி சாய்ந்து, சாமி மாடத்துச் சிவப்பு விளக்கு மட்டும் எரியும்போதுதான் கண்ணாடியைக் கழற்றுவார். அந்த வெளிச்சத்தில் அவருடைய வெறும் கண்களை ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஸீட்டோ அண்ணனின் ஆசை முழுக்க இவ்வளவுதான்.

போனில் எடுத்துப் பார்த்தார். போன் தன் புத்தியைக் காட்டி முகத்தை மெழுகிவிட்டது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "என்னைப் பெட்டியில வச்சதுக்கு அப்புறம் இந்தப் படத்த முன்னால வச்சுக்கோ" என்றார். கேமராவை மேசையில் நிறுத்தி, வெளிச்சம் சேர நேரம் கொடுத்து எடுத்தால் அதற்குள் அண்ணி கண்ணைச் சிமிட்டிவிடுவார். படத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் புகை இருந்தது. ஃப்ளாஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றுக்கும் கீழே இறங்குகிற ஜெர்மன் லென்ஸ் ஒன்று இருந்தது. அதன் விலைக்கு லிப்டே வாங்கலாம். வாடகைக்குத் தருகிறவர்கள் கேட்ட முன்பணத்தைக் கேட்டுவிட்டு அண்ணன் அவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அப்போதுதான் மிஸ் பூன் செய்தி கொண்டுவந்தார். வங்கியில் வேலை, சனிக்கிழமை எங்களோடு டீ, மற்ற நேரமெல்லாம் லென்ஸ் வதந்தி: இதுதான் மிஸ் பூன். "ஸீட்டோ மாமா, பக்கத்துல ஷென்ஜென்ல ஒரு சின்னக் கம்பெனி. பேரே யாருக்கும் தெரியாது. பாயிண்ட் தொண்ணூத்தஞ்சு! உங்க கேமராவுக்கே மாட்டலாம். விலை உங்க ஒரு மாசச் சம்பளத்துக்கும் கம்மி."

"ஒண்ணுக்கும் கீழேயா?"

"கீழே மாமா, கீழே."

அன்றைக்கு எங்கள் மூவர் டீக்கும் ஸீட்டோ அண்ணன்தான் காசு கொடுத்தார். அதற்கே அந்தக் கம்பெனிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அண்ணன் உடனே பணம் கட்டிவிட்டார். லென்ஸ் டிராகன் படகுத் திருவிழாவுக்குள் வரும் என்றார்கள், வரவில்லை. செத்தவர்களுக்குப் படையல் போடும் பேய் மாதத்துக்குள் என்றார்கள். கம்பெனி போட்ட மாதிரிப் படங்களை அண்ணன் டீக்கடையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "பாரு தடியா, ஒரு இமை முடிதான் துல்லியமா இருக்கு. அடுத்த முடி கரைஞ்சு போச்சு." நான் சும்மா இருப்பேனா? "அண்ணே, எவ்வளவோ வருசமா பிலிம் கழுவுறேன். விலை ஒசந்த லென்ஸ் வாங்குனவன் எல்லாம் கடைசியில பூனையைத்தான் எடுக்கிறான். உங்களுக்கு ஒரு பூனை வாங்கித் தரட்டுமா?" என்றேன். அவர் சிரித்தார். எங்கள் தெருமுனையில் ஓர் இலவமரம் நிற்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் இலவு காத்த கிளிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

கேலி நின்றது ஒரு சனிக்கிழமை. அண்ணன் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் அண்ணியின் கண் அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்களாம். நடு இலையுதிர்த் திருவிழா முடிந்த கையோடு. பார்வையைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. ஆனால் கண்ணின் கறுப்பை வெட்டித்தான் ஆக வேண்டும், பிறகு அது பழைய வட்டமாக இருக்காது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"அவ கவலையே படல. 'தெரிஞ்சாப் போதும், அழகுப் போட்டிக்கா போறேன்'ங்கிறா. எனக்குத்தான் மனசு கேக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி ஃபெர்ரி படகுல டிக்கெட் வாங்கும்போது திரும்பிப் பாத்தாளே, அந்தக் கண்ணு. அது போகப்போகுது. ஒரு படம்கூட இல்ல."

மிஸ் பூன் உடனே போனை எடுத்துக் கம்பெனியைக் கூப்பிட்டார். ஸீட்டோ அண்ணன் போனை வாங்கி, தனக்குத் தெரிந்த உடைந்த மாண்டரின் சீனத்தில் மனைவி, கண், சிவப்பு விளக்கு என்று எல்லாவற்றையும் கொட்டினார். மறுமுனையில் இருந்த பெண், "ஐயா, காத்திருக்கிற எல்லாருக்கும் வீட்ல யாராவது இருக்காங்க" என்றாள். இவர் "ஆமாம்மா, ஆமாம்மா, தப்புதான்" என்று அவளிடமே மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "முகவரியைச் சரியாச் சொல்லுங்க" என்றாள்.

அறுவைக்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டி என் கடைக்கு வந்தது. அண்ணன் வேலை உடுப்போடு ஓடிவந்தார். எங்கள் ஊரில் நன்றிக்கு இரண்டு சொல் உண்டு. வேலை செய்து கொடுத்தவருக்கு "ம்கோய்", பரிசு கொடுத்தவருக்கு "தோச்சே." அண்ணன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூரியர்காரரிடம் "தோச்சே, தோச்சே" என்றார். அவர் திருதிருவென்று விழித்தார். "நான் ஒண்ணும் பரிசு குடுக்கல ஐயா. நீங்க காசு குடுத்து வாங்குனது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

லென்ஸ் கனமாக, கறுப்பாக, உள்ளங்கை நிறைய இருந்தது. கேமராவில் மாட்டி என் கடைச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். இரட்டை எழுத்து நகர்ந்துவந்து ஒட்டியது. துணியால் துடைத்து மூடியைப் போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். வழியெல்லாம் எத்தனை பேருக்கு நன்றி சொன்னாரோ.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு ரோலைக் கொடுத்துவிட்டுப் போனார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. "முப்பத்தாறும் எடுத்துட்டேன் தடியா. அவ அசையவே இல்ல. பாத்துக் கழுவு."

பார்த்துத்தான் கழுவினேன். தொட்டியிலிருந்து எடுத்தபோது பிலிம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெறுமையாக இருந்தது. ஓரத்தில் அச்சிட்ட எண்கள் பளிச்சென்று தெரிந்தன. ஆகவே மருந்தில் கோளாறு இல்லை. பிலிமுக்குள் வெளிச்சம் போகவே இல்லை. லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்திருக்கிறார். சன்னல் வேறு, லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் சன்னலில் எல்லாம் அழகாகத் தெரியும், உருவமும் அழகாக ஒட்டும். இந்த வகைக் கேமராக்காரர்கள் எல்லாரும் ஆயுளில் ஒருமுறையாவது செய்கிற தப்பு. சாயங்காலச் சிவப்பில் கறுப்பு லென்சின் கறுப்பு மூடி யார் கண்ணுக்குத் தெரியும்? மற்றவர்கள் செய்தால் விழுந்து விழுந்து சிரிப்பேன். அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து, "நல்லபடியா முடிஞ்சுதாம்! பார்வை நிக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் உறையை நீட்டினேன். பிலிமை உருவிக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தார். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார், ஏதாவது ஒன்றில் இருந்துவிடாதா என்பதுபோல.

"மூடி" என்றார்.

"ஆமாண்ணே."

பிலிமைச் சுருட்டி உறையில் வைத்தார். அப்படியே வார்டுக்குள் நடந்தார். நானும் பின்னால் போனேன். அண்ணி ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார்.

"இந்தாம்மா, ஒண்ணு சொல்லணும். நேத்து மூடியக் கழட்டாமலே எடுத்துட்டேன்."

"எந்த மூடி?"

"லென்ஸ் மூடி. ஒண்ணுகூட விழல."

அண்ணி கொஞ்சம் யோசித்தார். பிறகு கட்டில் குலுங்கத் தொடங்கியது. "யோவ் கிழவா! முப்பத்தாறு தடவ 'கண்ண மூடாத, கண்ண மூடாத'ன்னு என் உயிர எடுத்தியேய்யா! கண்ண மூடிக்கிட்டு இருந்தது நானா, உன் டப்பாவா?" நர்ஸ் ஓடிவந்து, சிரித்தால் தையல் பிரியும் என்று மூவரையும் திட்டினாள். அண்ணி போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவர்தான் பேச்சை எடுத்தார். "அவ்வளவு நேரம் அவ என்னைக் கண்ணாடி இல்லாமப் பாத்து மூணு வருசம் ஆச்சு, தடியா. ஒவ்வொரு தடவயும் ரெண்டு உருவமா இருந்தா. நான் திருப்பத் திருப்ப ஒண்ணா வந்து சேந்தா. முப்பத்தாறு தடவ. அந்தக் கம்பெனிப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லணும்."

"படமே வரலியேண்ணே?"

"அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அது சொன்ன நேரத்துக்கு அனுப்பிச்சுதே."

இந்த முறை எரிச்சல் வரவில்லை. இப்படி ஒரு மனிதரோடு ஒரே மேசையில் டீ குடிக்கக் கொடுத்துவைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீனும் தாமரைக் கிழங்கு சூப்பும். அண்ணிக்கு இப்போது செய்தித்தாள் தலைப்பு படிக்க முடிகிறது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் குத்துகிறது. அந்தி விழுந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண்ணின் கறுப்பு ஒரு பக்கம் கீழே இறங்கி, பூட்டின் சாவித் துவாரம்போல் இருந்தது. கேமரா அண்ணன் மடியில்தான் இருந்தது. அவர் அதைத் தூக்கவில்லை. அண்ணி வீட்டுக்கு வந்ததிலிருந்தே தூக்கவில்லையாம்.

"ஏன்யா, பழைய கண்ணுக்கு மட்டும்தான் அத வாங்குனியா?" என்றார் அண்ணி, மீனிலிருந்து முள் எடுத்தபடி.

அண்ணன் கேமரா வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அது போச்சுய்யா. இனிமே இதுதான் என் கண்ணு. எடு."

அவர் கேமராவை மெல்ல முகத்துக்குக் கொண்டுபோனார். "இரு இரு" என்று அண்ணி மேசைக்கு மேலே கையை நீட்டி, லென்சின் முகப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்த்தார். மூடி இல்லை. "ம், இப்ப எடு." லென்ஸ் கண்ணாடியின் நடுவில் மீன் எண்ணெயோடு முழுக் கைரேகை பதிந்திருந்தது. அந்த லென்சுக்கு எதிரே நான் பலமாக மூச்சுவிட்டாலே "தள்ளி நில்லு தடியா" என்கிறவர் அண்ணன். பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணைச் சன்னலில் வைத்தபடி, இடது கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.