வண்ணார்பேட்டைச் செல்லம்மாள்

செவ்வாய்க்கிழமை காலை ஆற்றில் குளித்துவிட்டு வந்த அம்மாதான் சொன்னார்: "ஏட்டி, நம்ம செல்லம்மை போயிட்டாட்டி." அரைத்துக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

செல்லம்மாள் அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். களக்காட்டுப் பக்கம் ஒரு சிற்றூரைக் காலரா காலி செய்தபோது, ஒன்பது வயதில் தனியாக நடந்து எங்கள் தெருவுக்கு வந்தவர். பூக்கட்டிப் பிழைத்தார். யாரும் பெண் கேட்டு வரவில்லை. முப்பது வருஷம் இங்கேயே இருந்தார். "எந்த ஊரு?" என்று கேட்டால், "வண்ணார்பேட்டை" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

போன வருஷம் அவர் மாலை கட்டிக்கொடுத்த நாடகக் கம்பெனி, புதுக்கதை தேடியது. அக்கா தம் கதையைச் சொன்னார். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் எழுதினேன். ஓரிடத்தில் அழுதுவிட்டேன். "எழுத்து அழிஞ்சிரும்ட்டி. அந்தப் பிள்ளை பசியோட நிக்கு. மொதல்ல அதுக்குச் சோறு போடு" என்றார்.

கொட்டகையில் அகதிப் பெண்ணாக வேஷம் கட்டியவர், "எனக்கொரு வாசல் இல்லையா?" என்று பாடினார். எங்கள் தெருப் பெரியவர் அண்ணாச்சி எழுந்து, "நம்ம தெரு இருக்கு தாயி!" என்று கூவினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா என் காதோரம் சொன்னார்: "அரிதாரம் பூசிட்டு வந்திருந்தா, அன்னைக்கே என்னையும் கூப்பிட்டிருப்பாரு."

இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கோடித்துணி போர்த்துவது எங்கள் வழக்கம். செவ்வாயன்று அதே அண்ணாச்சி வாசலில் நின்று, "பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எடுக்கப்பிடாது வே. களக்காட்டுக்கு ஆள் விட்டு விசாரிங்க" என்றார். செத்துப்போன ஊரில் யாரை விசாரிப்பது? நாடகத்துக்கு அழுத கண்கள் எல்லாம் தரையைப் பார்த்தன. இத்தனை வீடுகளில் ஒரு புதுத்துணி இல்லையா? உச்சிப்பொழுதுவரை அக்காவை வெயிலில் காக்கவைத்தார்கள். அதை நான் மன்னிக்க மாட்டேன்.

ஆண்கள் முன்னால் நான் பேசியதே இல்லை. மடிப்புக் கலையாத என் பொங்கல் சேலையை எடுத்துவந்தேன்.

"ஏட்டி, நீ யாருன்னு போடுத?" என்று அண்ணாச்சி தடுத்தார்.

"தங்கச்சி" என்றேன்.

அவர் விலகினார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அக்காவுக்குப் போர்த்திய என் பச்சைச் சேலை ஆற்றுப்பாதையில் இறங்கி மறையும்வரை அங்கேயே நின்றேன்.

உங்கள் வீட்டிலிருந்துதான் போகிறீர்கள், அக்கா. போய்வாருங்கள்.