கசக்காத இலை

பாம்பு கடித்தவனுக்கு வேப்பிலை கசக்காது என்று முழுசாக நம்பினவன் நான். எங்கள் செஞ்சியில் கோட்டை மலைக்கு ஆடு ஓட்டிப்போன யாரையாவது ஏதாவது கடித்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வருவதற்குள் வாயில் வேப்பிலையைத் திணித்துவிடுவார்கள். கசந்தால் பிழைத்தான். கசக்கவில்லையென்றால் விஷம் தலைக்கு ஏறிவிட்டது. பட்டாளத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்த பிறகும் இந்த வைத்தியம் என்னைவிட்டுப் போகவில்லை.

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். எங்களை அனுப்புவதற்கு முன்னால் வடகிழக்கில் ஒரு காட்டில் பயிற்சி. எல்லோருக்கும் லீவு நிறுத்தம். பதுங்கித் தாக்கும் பயிற்சியில் ஜெயிக்கிற குழு மட்டும் ஒரு வாரம் ஊருக்குப் போகலாம் என்றார் ஹவில்தார். எனக்கு ஊரில் வெட்டி முறிக்க ஒன்றுமில்லை. என் பக்கத்தில் படுத்திருந்த அவலூர்பேட்டைக்காரனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்னும் முகம் பார்க்கவில்லை.

எதிர்க்குழு வரும் பாதையோரம் புதருக்குள் குப்புறப் படுத்திருந்தோம். கெண்டைக்காலில் சுருக்கென்றது. பேண்ட்டைச் சுருட்டித் தடவினால் ரத்தம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி.

“மச்சான், பாம்பு கட்சிடுச்சிடா.”

“சும்மா இருடா. வரானுங்க.”

தலைக்கு மேலே, ஓரம் பல் பல்லாக, வேப்பிலை தொங்கியது. ஒரு கொத்து உருவி மென்றேன். கசக்கவில்லை. இன்னொரு கொத்து. மாடு மாதிரி அசைபோட்டேன். துளிகூடக் கசக்கவில்லை.

“கசக்கலடா.”

“இன்னாடா கசக்கல?”

அதற்குமேல் கிசுகிசுக்கிற நிலையில் நான் இல்லை. எழுந்து நின்று, துப்பாக்கியைப் போட்டுவிட்டு, “நைனா” என்று கத்தினேன். எதிர்க்குழு கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு சாவகாசமாக வந்து எங்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

ஹவில்தார் என் காலைப் பார்த்தார். அப்புறம் என் வாயிலிருந்த இலையைப் பார்த்தார்.

“எந்த ஊருடா நீ?”

“செஞ்சி சார்.”

“அங்க வேப்பமரமே கெடையாதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது என் வழக்கம். அவலூர்பேட்டைக்காரன் மட்டும், “இன்னும் வலிக்குதாடா?” என்று கேட்டான். திட்டியிருக்கலாம்.

இன்றைக்கும் செஞ்சி பஜாரில் டீக்கடைக் கூட்டத்துக்கு இதை நடித்தே காட்டுவேன். லீவு விஷயத்தை மட்டும் விட்டுவிடுவேன்.

என் காலில் குத்தியிருந்தது பிரம்பு முள். நான் தின்றது பேர் தெரியாத ஏதோ காட்டு மரத்து இலை. எங்களைப் பிடித்த குழு ஊருக்குப் போனது. அவலூர்பேட்டைக்காரன் தன் மகளை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.